அரியணையும் அந்நியப் படையும்

தமிழ் நூல்கள் ஆட்சியைக் கோல் என்னும் சொல்லால் குறிக்கின்றன. நேரிய ஆட்சி செங்கோல். நெறி பிறழ்ந்த ஆட்சி கொடுங்கோல். திருவள்ளுவரும் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்தே கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்துள்ளார். ஆகவே கொடுங்கோலன் எவன் என்பதை அறிய நமக்கு வேற்றுமொழி நூல்களின் துணை வேண்டியதில்லை. ஆனால் அவனை வீழ்த்தும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா எழும்போது விடை அத்துணை எளிதில் கிடைப்பதில்லை. அவனுடைய குடிமக்களுக்கா? அண்டை நாட்டுக்கா? கடல் கடந்து வரும் வல்லரசுக்கா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை என்னுள் எழுப்பியவர் ஒரு மாணவர். 2011-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதி. லிபியாவின்மீது வான்தாக்குதல் தொடங்கியிருந்த நாள்கள். அப்போது என் வகுப்பில் சதாம் உசேன் என்னும் பெயருடைய மாணவர் இருவர் இருந்தனர். 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரை ஒட்டி நம் ஊர்களில் பிறந்த ஆண் குழந்தைகள் பலருக்கு அப்பெயர் சூட்டப்பட்டதைப் பெரியவர்கள் அறிவார்கள். வல்லரசை எதிர்த்து நின்றவர் என்னும் ஒன்றே அன்று அப்பெயருக்குப் பெருமை சேர்த்தது. அவ்விருவருள் ஒருவர் வருகைப் பதிவு முடிந்ததும் எழுந்து நின்று கேட்டார்: “ஐயா, என் பெயருக்குரியவர் நல்லவரா, கெட்டவரா? கெட்டவர் என்றால் அமெரிக்கா படையெடுத்தது சரிதானே? படையெடுத்தது தவறு என்றால் அவர் நல்லவர்தானே?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, “பாடத்தைத் தொடர்வோம்” என்று கூறிவிட்டேன். விடை தெரியாமையால் அன்று. கூறினால் ஒரு சாராரின் மனம் புண்படுமே என்னும் தயக்கத்தால். ஆசிரியர் ஒருவர் செய்யத் தகாத செயல் அது. அன்று கூறாது விட்டதை இம்மலரின் வாயிலாகக் கூற முற்படுகிறேன்.

கொடுங்கோன்மையை மறைத்தல் ஆகாது

அம்மாணவரின் வினாவில் ஒரு பிழை மறைந்திருந்தது. அவரிடம் மட்டும் காணப்படும் பிழை அன்று அது. நம்மில் பலரும் செய்வதே. படையெடுத்தவன் தீயவன் எனின், படையெடுக்கப்பட்டவன் நல்லவன் ஆதல் வேண்டும் என்று நாம் கருதிவிடுகிறோம். வழக்கில் இருதரப்பாரும் குற்றவாளிகளாக இருத்தல் கூடும் என்பதை மறந்துவிடுகிறோம்.

1979-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஈராக்கின் அதிபர் பொறுப்பை ஏற்ற சதாம் உசேன், மறு ஆண்டு செப்டம்பரில் ஈரான்மீது போர் தொடுத்தார். எட்டு ஆண்டுகள் நீண்ட அப்போரில் இரு நாட்டிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1988-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், ஈராக்கின் வடகிழக்கே குர்து இன மக்கள் வாழும் ஹலப்ஜா என்னும் நகரின்மீது அவருடைய வான்படை நச்சுக்குண்டுகளை வீசியது. ஏறத்தாழ 5,000 பேர் மடிந்தனர் என்பர். அதே ஆண்டில் குர்து ஊர்களை அழிப்பதற்காக நடத்தப்பெற்ற படையெடுப்புத் தொடருக்கு ‘அன்ஃபால்’ என்று பெயரிடப்பட்டது. அது திருக்குர்ஆனின் எட்டாம் அத்தியாயத்தின் பெயர். கொல்லப்பட்ட குர்துகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களே. முஸ்லிம்களைக் கொன்று குவித்த செயலுக்கு இறைமறையின் அத்தியாயப் பெயரைச் சூட்டிய ஒருவரை, அவர் வல்லரசை எதிர்த்தார் என்னும் ஒரே காரணத்துக்காகப் போற்றுதல் தகுமா? தகாது என்பதே நேரிய விடையாகும்.

இங்கே மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். 1983-ஆம் ஆண்டு திசம்பரில், ஈரானுடன் போர் நடந்துகொண்டிருந்தபோது, பாக்தாதுக்குச் சென்று சதாமின் கையைக் குலுக்கியவர் அமெரிக்கத் தூதர் தொனால்டு ரம்சுபெல்டு. மறு ஆண்டே இரு நாடுகளுக்கும் இடையே முறிந்திருந்த தூதரக உறவு புதுப்பிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஈராக்கின்மீது படை செலுத்திய அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலாளரும் அதே ரம்சுபெல்டுதான். ஹலப்ஜாவில் நச்சுக்காற்று வீசியபோது எந்த வல்லரசின் படையும் புறப்படவில்லை. கொடுங்கோலன் பயன்படும்வரை நண்பன். பயன்படாதபோது உலகத்தின் பகைவன். இதனையும் மறத்தல் ஆகாது.

சட்டம் கூறுவது

1945-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஐக்கிய நாடுகள் பட்டயம், ஒரு நாடு மற்றொரு நாட்டின் எல்லையையோ அரசியல் விடுதலையையோ குலைக்கும் வகையில் படைவலியைப் பயன்படுத்தல் ஆகாது என்று விதிக்கிறது. இவ்விதிக்கு இரண்டு விலக்குகளே உள்ளன. ஒன்று, தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்ளல். மற்றொன்று, உலக அமைதி கெடும் நிலையில் பாதுகாப்பு அவை இசைவளித்தல். ‘அந்நாட்டை ஆள்பவன் கொடியவன்’ என்பது மட்டும் மூன்றாம் விலக்காக எங்கும் கூறப்படவில்லை.

இவ்விதி கொடுங்கோலர்க்கு அரணாக அமைந்துவிட்டது என்று குறை கூறுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இவ்விதி எளிய நாடுகளுக்கும் அரணாகும். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றை ஐரோப்பியர் அடிமைப்படுத்தியபோது ‘உங்கள் அரசர்கள் கொடியவர்கள், உங்களை மீட்கவே வந்தோம்’ என்றே கூறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயோத்தி நவாபின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1856-ஆம் ஆண்டில் பறித்துக்கொண்டபோது, ஆட்சிச் சீர்கேடு என்பதையே காரணமாகக் காட்டினர். மீட்க வந்தவர் எளிதில் திரும்பிச் செல்வதில்லை என்பதை நாம் பட்டு அறிந்தவர்கள்.

வாளாவிருந்ததன் விலை

அவ்வாறாயின் எந்நிலையிலும் வெளிப்படை செல்லுதல் ஆகாதா? ‘வீட்டுக்குள் நடப்பது வீட்டார் பாடு’ என்று இருந்துவிடலாமா? இதற்கும் ஆம் என்று விடை கூறிவிட இயலாது. வாளாவிருத்தலுக்கும் ஒரு விலை உண்டு.

1994-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில், ஆட்சியைக் கைப்பற்றிய வன்குழுவினர் தூத்சி இனத்தாரை வேரறுக்கத் தொடங்கினர். ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு இலட்சம் பேரளவில் கொல்லப்பட்டனர். அங்கே ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை ஒன்று முன்னரே இருந்தது. கொலை நடந்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் 21-ஆம் நாள், அப்படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவு செய்தது.

மறு ஆண்டு, 1995 சூலையில், பொசுனியாவில் சிரெப்ரெனிட்சா என்னும் ஊர். அது ஐக்கிய நாடுகள் அவையால் ‘பாதுகாப்பான பகுதி’ என்று அறிவிக்கப்பட்டிருந்த இடம். அவ்வறிவிப்பை நம்பி அடைக்கலம் புகுந்த முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களுமாக எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் செர்பியப் படையினரால் கொல்லப்பட்டனர். காவலுக்கு நின்ற சிறுபடை தடுக்கவில்லை. ‘அந்நியப் படை எங்கும் எப்போதும் செல்லக்கூடாது’ என்று கூறுவோர் சிரெப்ரெனிட்சாவின் தாய்மார் முன் நின்று அதனைக் கூற இயலுமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாதுகாப்பு அவையின் இசைவின்றி அண்டை நாடுகளே படை செலுத்திக் கொலையை நிறுத்திய வரலாறும் உண்டு. 1971-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் இரவு, யாகியாகானின் படையாட்சி கிழக்கு வங்கத்தின்மீது கொலைத்தாண்டவம் ஆடத் தொடங்கியது. தேர்தலில் வென்றவர்களிடம் ஆட்சியை ஒப்படைக்க மறுத்ததன் விளைவு அது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலிகளாக இந்திய எல்லைக்குள் புகுந்தனர். திசம்பர் 3-ஆம் நாள் மூண்ட போர் 16-ஆம் நாள் முடிந்தது. ஐக்கிய நாடுகளின் பொது அவையில் 104 நாடுகள் போர்நிறுத்தம் கோரும் தீர்மானத்துக்கு வாக்களித்தன. ஒரு கோடி ஏதிலிகள் ஊர் திரும்பும் வழியை அத்தீர்மானம் காட்டவில்லை. போர் முடிந்து மூன்று திங்களுக்குள், 1972 மார்ச்சில், இந்தியப் படை வங்கதேசத்தை விட்டு வெளியேறியது. இந்தியாவுக்கு இதில் தன்னலம் இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் கொலை நின்றது; ஏதிலிகள் ஊர் திரும்பினர்; படையும் திரும்பியது.

கம்போடியாவின் கதை இதனினும் சிக்கலானது. 1975 முதல் போல்பாட்டின் ஆட்சியில் பட்டினியாலும் கொலையாலும் மாண்டோர் பதினைந்து இலட்சம் முதல் இருபது இலட்சம் வரை இருக்கும் என்பர். சாம் இன முஸ்லிம்கள் தனித்துக் குறிவைத்து அழிக்கப்பட்டனர். அது இனக்கொலையே என்று 2018-ஆம் ஆண்டில் பன்னாட்டு நீதிபதிகளும் அமர்ந்த கம்போடியத் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாட்சியை 1979 சனவரி 7-ஆம் நாள் வீழ்த்தியது வியட்நாமின் படை. மக்களைக் கொன்ற போல்பாட்டின் கூட்டத்தாருக்கே ஐக்கிய நாடுகள் அவையில் கம்போடியாவின் இருக்கை தொடர்ந்து அளிக்கப்பட்டது என்பது அவ்வவையின் வரலாற்றில் அழியாத கறையாகும். ஆனால் வியட்நாமின் செயலிலும் குறை உண்டு. கொலையை நிறுத்திய படை, பத்து ஆண்டுகள் கழித்து 1989-இல்தான் வெளியேறியது. அதற்குள் மற்றோர் உள்நாட்டுப் போர் அம்மக்களை வாட்டியது.

ஒரே நாட்டில் இரு படைச் செலவுகள்

படை சென்றமை சரியா, தவறா என்று பொதுவாகக் கேட்பதால் பயன் இல்லை. எதற்காகச் சென்றது, எதுவரை சென்றது, எப்போது திரும்பியது என்று கேட்டல் வேண்டும். இவ்வேறுபாட்டை விளக்க ஈராக்கே போதும். ஒரே நாடு, ஒரே கொடுங்கோலன், இரு வேறு படைச் செலவுகள்.

1990 ஆகத்து 2-ஆம் நாள் சதாமின் படை குவைத்தைக் கைப்பற்றியது. பாதுகாப்பு அவையின் இசைவுடன் 1991 சனவரியில் போர் தொடங்கி, பிப்ரவரி இறுதியில் குவைத்து மீட்கப்பட்டது. போர் நடக்கையில் ஈராக்கிய மக்களே தம் அதிபரை அகற்ற வேண்டும் என்று அமெரிக்க அதிபர் சியார்ச்சு புஷ் வெளிப்படையாக அழைப்பு விடுத்தார். அதனை நம்பி மார்ச்சில் தெற்கே சியாக்களும் வடக்கே குர்துகளும் கிளர்ந்தெழுந்தனர். சதாமின் உலங்கு வானூர்திகள் அவர்களை வேட்டையாடின. தென் ஈராக்கில் நின்றிருந்த கூட்டுப்படை கைகட்டிப் பார்த்திருந்தது. எழுங்கள் என்று கூறியவர் எழுந்தவரைக் கைவிட்டார்.

பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட குர்துகள் குளிரில் நடுங்கியபடி ஈரான், துருக்கி எல்லைமலைகளுக்கு ஓடினர். உலகம் அக்காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டது. ஏப்ரல் 5-ஆம் நாள் பாதுகாப்பு அவை அவ்வொடுக்குமுறையைக் கண்டித்தது. அத்தீர்மானம் படைவலிக்கு வெளிப்படையாக இசைவு தரவில்லை. எனினும் கூட்டுப்படையினர் வட ஈராக்கில் ஒரு பகுதியைக் காவலுக்குள் கொணர்ந்து, அதன்மேல் ஈராக்கிய வானூர்திகள் பறக்கத் தடை விதித்தனர். மலையில் இருந்தவர்கள் வீடு திரும்பினர். தரைப்படை சில திங்களில் வெளியேறியது. பாக்தாது கைப்பற்றப்படவில்லை, அரியணையில் அந்நியர் அமரவில்லை, ஆனால் உயிர்கள் காக்கப்பட்டன. இது முதற்படைச் செலவு.

இதற்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் ஈராக் மக்களை வாட்டியது பொருளாதாரத் தடை. அரண்மனையில் தட்டுப்பாடு இல்லை. மருத்துவமனையில்தான் மருந்துக்குத் தட்டுப்பாடு. ஈராக்கில் ஐக்கிய நாடுகளின் உதவிப்பணியை ஒருங்கிணைத்த தெனிசு ஆலிடே என்பவர் 1998-ஆம் ஆண்டு இதனைப் பொறாது பதவி விலகினார். அவருக்குப் பின் வந்தவரும் அவ்வாறே 2000-ஆம் ஆண்டில் விலகினார். படை செல்லாத தண்டனையும் குடிமக்கள் தலையிலேயே விழுதல் கூடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் படைச் செலவு 2003 மார்ச்சு 20-ஆம் நாள் தொடங்கியது. அப்போது ஹலப்ஜா போன்ற கொலை எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. பேரழிவுக் கருவிகள் உள்ளன என்பதே கூறப்பட்ட காரணம். ஆன்சு பிளிக்சு தலைமையில் ஐக்கிய நாடுகளின் ஆய்வாளர்கள் ஈராக்கில் தேடிக்கொண்டிருந்தனர். மேலும் சில திங்கள் வேண்டும் என்றனர். அக்காலம் அளிக்கப்படவில்லை. பாதுகாப்பு அவையின் இசைவும் பெறப்படவில்லை. இந்திய மக்களவை 2003 ஏப்ரலில் இப்போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. படை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டபோது, ஐக்கிய நாடுகளின் வெளிப்படையான ஆணை இன்றி அனுப்ப இயலாது என்று அவ்வாண்டு சூலையில் இந்திய அரசு மறுத்தது. பின்னர் அமெரிக்காவே அமைத்த ஆய்வுக்குழு, அத்தகைய கருவிகளின் இருப்பு ஏதும் இல்லை என்று 2004-ஆம் ஆண்டில் அறிவித்தது. அமைதிவழிகள் அனைத்தையும் முயலுமுன்னரே போர் தொடுக்கப்பட்டது என்று பிரித்தானியாவின் சில்காட்டு விசாரணைக் குழு 2016-ஆம் ஆண்டு கூறியது.

2003 ஏப்ரல் 9-ஆம் நாள் பாக்தாது வீழ்ந்தது. சதாமின் சிலையைச் சாய்த்த காட்சியைத் தொலைக்காட்சியில் நானும் கண்டேன். அவ்வாரத்திலேயே பாக்தாது அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஏறத்தாழ 15,000 பழம்பொருள்கள் களவு போயின. தேசிய நூலகமும் ஆவணக்காப்பகமும் எரிந்தன. எண்ணெய்த்துறை அமைச்சகத்துக்கு அமெரிக்கக் காவல் இருந்தது. ஏட்டுச்சுவடிகளுக்குக் காவல் இல்லை. 1258-ஆம் ஆண்டு மங்கோலியரிடம் நூலகங்களை இழந்த நகரம், மீண்டும் ஒருமுறை இழந்தது. நூலையும் சுவடியையும் வாழ்வாகக் கொண்ட தமிழ்த்துறையினராகிய நமக்கு இவ்விழப்பின் பொருள் நன்கு விளங்கும்.

மே திங்களில் அமெரிக்க ஆட்சியாளர் பால் பிரேமர் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தார். சதாமின் பாத்துக் கட்சியில் மேல்நிலை உறுப்பினராக இருந்தோர் அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். இவர்களுள் ஆசிரியர்களும் அலுவலர்களும் அடங்குவர். மற்றோர் ஆணை ஈராக்கின் படையையே கலைத்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் கையில் ஊதியம் இன்றி, ஆனால் போர்ப்பயிற்சியுடன் தெருவுக்கு வந்தனர். அரசனை அகற்ற வந்தவர் அரசையே அகற்றிவிட்டனர். அதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. 2006 பிப்ரவரியில் சாமர்ரா நகரின் அசுகரி அடக்கத்தலம் தகர்க்கப்பட்டது. சன்னி, சியா எனப் பக்கத்துவீட்டார் ஒருவரையொருவர் கொன்றனர். 2007 மார்ச்சு 5-ஆம் நாள் பாக்தாதின் புத்தகக் கடைத்தெருவாகிய முத்தனப்பித் தெருவில் குண்டு வெடித்து, நூல் விற்றவரும் வாங்க வந்தவரும் மாண்டனர். அமெரிக்கப் படை வெளியேறிய 2011-ஆம் ஆண்டுக்குள், பெயரும் இடமும் பதிவாகிய அளவிலேயே ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்திருந்தனர். கலைக்கப்பட்ட படையின் அதிகாரிகள் சிலர் ஐ.எசு. என்னும் கொடுங்கூட்டத்தில் சேர்ந்தனர். 2014 சூனில் மோசூல் நகரம் அக்கூட்டத்தின் கையில் வீழ்ந்தது.

சதாம் 2003 திசம்பரில் பிடிபட்டு, 2006 திசம்பர் 30-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஒரு கொடுங்கோலன் மறைந்தான். ஆயின் கொடுங்கோன்மை பல கைகளில் பங்கிடப்பட்டது.

லிபியா கற்பித்தது

என் வகுப்பில் வினா எழுந்த நாள்களுக்கு வருவோம். 42 ஆண்டுகளாக லிபியாவை ஆண்டுவந்த கடாபிக்கு எதிராக 2011 பிப்ரவரியில் பெங்காசி நகர மக்கள் எழுந்தனர். அவருடைய படை அந்நகரை நெருங்கியது. மக்களைக் காக்க வான்தடை வேண்டும் என்று அரபு நாடுகளின் கூட்டமைப்பே கேட்டது. மார்ச்சு 17-ஆம் நாள் பாதுகாப்பு அவை பொதுமக்களைக் காக்க இசைவளித்தது. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் வாக்களிக்காது விலகி நின்றன.

இதுவரை நிகழ்ந்தது சட்டத்துக்கு உட்பட்டதே. 2005-ஆம் ஆண்டு உலகத் தலைவர்கள் ஐக்கிய நாடுகள் அவையில் கூடி, இனக்கொலை, போர்க்குற்றம், இனத்துடைப்பு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் மக்களைக் காக்கும் பொறுப்பு உலகத்துக்கு உண்டு என்று ஒப்பினர். அவ்வொப்புதலுக்கு லிபியா ஒரு தேர்வாக அமைந்தது. பெங்காசி காக்கப்பட்டது. ஆனால் வான்தாக்குதல் அத்துடன் நிற்கவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தூதுக்குழு ஏப்ரலில் கொணர்ந்த அமைதித்திட்டத்தைக் கடாபி ஏற்பதாகக் கூறினார், கிளர்ச்சியாளர் மறுத்தனர், மேலைநாடுகள் அதனை வலியுறுத்தவில்லை. மக்களைக் காக்கும் பணி, ஆட்சியை மாற்றும் பணியாக உருமாறியது. அக்டோபர் 20-ஆம் நாள் கடாபி கொல்லப்பட்டார். அத்திங்கள் இறுதியில் நேட்டோ தன் பணி முடிந்தது என்று அறிவித்தது. லிபிய மக்களின் துயரமோ முடியவில்லை. ஆயுதக்குழுக்கள் ஊர்களைப் பங்கிட்டன. 2014-இல் நாடு இரண்டு அரசுகளாகப் பிளவுற்றது. மறுநாளைப் பற்றித் திட்டமிடாமல் விட்டதே தம் ஆட்சிக்காலத்தின் பெரும்பிழை என்று அமெரிக்க அதிபர் ஒபாமா 2016-ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டார்.

இப்பிழையின் விலையை லிபியர் மட்டும் கொடுக்கவில்லை. காப்பதற்கென அளித்த இசைவு கவிழ்ப்பதற்குப் பயன்பட்டது என்று உருசியாவும் சீனாவும் குற்றஞ்சாட்டின. அதன்பின் சிரிய மக்கள் கொல்லப்பட்டபோது பாதுகாப்பு அவையின் தீர்மானங்களை அவை தம் மறுப்புரிமையால் தடுத்தன. அவற்றுக்கும் தன்னலம் உண்டு. எனினும் லிபியா அவற்றின் கையில் ஒரு சாக்காக அமைந்துவிட்டது.

உள்ளிருந்து எழும் மாற்றம்

‘படை செல்லாவிடின் கொடுங்கோலன் என்றும் நிலைத்திருப்பானே’ என்பர் சிலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. உலகில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடாகிய இந்தோனேசியாவை 32 ஆண்டுகள் ஆண்டவர் சுகார்த்தோ. 1997-இல் நாணய மதிப்பு வீழ்ந்து விலைவாசி உயர்ந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். 1998 மே 12-ஆம் நாள் சகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் மாணவர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்து மூண்ட கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் மாணவர்கள் நாடாளுமன்ற வளாகத்தில் அமர்ந்தனர். மே 21-ஆம் நாள் சுகார்த்தோ பதவி விலகினார். மறு ஆண்டே பொதுத்தேர்தல் நடந்தது. அந்நியப் படைவீரன் ஒருவனும் அங்கே கால்வைக்கவில்லை. அலுவலகங்கள் இருந்தன, நீதிமன்றங்கள் இருந்தன, அரசு இருந்தது, அரசன் மட்டும் சென்றான். ஈராக்குக்கும் இந்தோனேசியாவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எல்லா நாட்டிலும் இவ்வாறு நிகழும் என்று உறுதி கூறுவதற்கில்லை. ஈராக்கில் 1991-இல் எழுந்தவர்கள் வெல்லவில்லை. ஆயினும் மக்கள் தாமே பெற்ற மாற்றத்தை அவர்களே காக்கின்றனர். பிறர் கொணர்ந்து தந்த மாற்றத்துக்குப் பிறரே காவல் நிற்க வேண்டியுள்ளது.

அளவறிந்த தீ

அண்டை வீட்டில் ஒருவன் தன் பிள்ளைகளை வெட்டுகிறான் எனின், கதவை உடைத்து உட்புகுதல் கடமை. அப்போது ‘அது அவன் வீடு’ என்று நிற்பவன் மனிதன் அல்லன். ஆனால் கையைப் பிடித்து அரிவாளைப் பறித்தபின், அவ்வீட்டின் சுவரை இடித்து, பெட்டியைத் திறந்து, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவன் காப்பாளன் அல்லன். கொல்லும் கையைப் பிடித்தல் வேறு. குடியிருக்கும் வீட்டைக் கைப்பற்றல் வேறு. அந்நியப் படையை அளக்கும் கோல் இதுவே என்பது என் துணிபு.

எனவே படை செல்லுமுன் நான்கு வினாக்கள் எழுதல் வேண்டும். கொலை இப்போது நடக்கிறதா, அன்றி என்றோ நடந்தது இன்று காரணமாகக் காட்டப்படுகிறதா? பிற வழிகள் அனைத்தும் முயலப்பட்டனவா? தனியொரு வல்லரசின் விருப்பமா, பல நாடுகள் கூடி அளித்த இசைவா? கொலை நின்றதும் படை திரும்புமா. திரும்பும்வரை அந்நாட்டு மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் அப்படை பொறுப்பேற்குமா? இந்நான்கிலும் நேரிய விடை கிடைப்பது அரிது. 1971-இலும் 1979-இலும் பன்னாட்டு இசைவு இருக்கவில்லை. 2011-இல் இசைவு இருந்தும் பொறுப்பு இருக்கவில்லை. ஆயினும் முதல் வினாவிலேயே தோற்ற படைச் செலவு 2003-ஆம் ஆண்டினது.

சிலப்பதிகாரத்தில் இதற்கோர் ஒளி உண்டு. கண்ணகி மதுரைக்கு வந்த வேற்றுநாட்டுப் பெண். தவறு உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் நீத்தான். கோல் வளைந்த குற்றத்துக்கு அப்போதே தண்டனை நிறைவேறிவிட்டது. அதன்பின்னரும் மதுரை எரிந்தது. ஏன் எரிந்தது என்று நாம் வகுப்பறையில் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறோம். ஆனால் அச்சினத்தின் உச்சியிலும் முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் தீண்டாதே என்று அவள் தீக்கு ஆணையிட்டதாக இளங்கோவடிகள் பாடியுள்ளார். அறத்தின்பாற்பட்ட சினத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பது புலவர் உள்ளம். 1991 பிப்ரவரி 13-ஆம் நாள் பாக்தாதின் அமீரியா நிலவறையில் தஞ்சம் புகுந்திருந்த நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் அமெரிக்கக் குண்டுகளால் மாண்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. வானிலிருந்து விழும் தீக்கு மூத்தோரையும் குழவியரையும் பிரித்தறியும் கண் இல்லை. அதனை ஏவுபவர்க்கு அக்கண் இருத்தல் வேண்டும்.

அன்று எழுந்து நின்ற அம்மாணவர் இன்று எங்குப் பணிபுரிகிறாரோ, அறியேன். இம்மலர் அவர் கைக்குக் கிட்டுமாயின் என் விடை இது: “தம்பி, உங்கள் பெயருக்குரியவர் கொடுங்கோலரே. அவர்மீது படையெடுத்ததும் தவறே. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாதல் கூடும். ஒன்றைக் கூற மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. அப்பெயரை உங்களுக்கு இட்டவர்கள் நீதியை விரும்பியே இட்டார்கள். நீதி எத்தரப்பில் குறைந்தாலும் குறை என்று கூறும் துணிவை மட்டும் நாம் பெற்றுக்கொண்டால் போதும்.”